எல்மர் பின்டோவின் ஆறு ரிகார்டுகளும் தோணிமேட்டு மூக்குகளும்

பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கதைகளை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். இது ஆறு வறண்டு, மணலும் லாரியேறிப் போய், கரை நெடுக அறுபத்திரண்டு தோல் பதனிடும் ஷாப்புகள் மட்டும் மிச்சமிருந்த தோணிமேட்டில் நடந்தது. அந்த ஊரில் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, நாற்றம் நின்றது.

நாற்றம் என்றால் உங்கள் வீட்டுப் பரணில் எலி செத்த நாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊறப்போட்ட பச்சைத் தோலும், சுண்ணாம்புக் குழியில் வெந்து கழன்ற மயிரும், கத்தியால் சீவித் தள்ளிய கொழுப்புச் சவ்வும், குரோம் கலந்த நீலத் தண்ணீரும் வெயிலில் ஒன்றாகப் புளித்து எழுந்த நாற்றம் அது. ரயிலில் போகிறவர்கள் இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே கைக்குட்டையைத் தேடுவார்கள். அது சோற்றில் உட்காரும், தலையணையில் உட்காரும், பிறந்து மூன்று நாளான குழந்தையின் உச்சந்தலையிலும் உட்காரும், வெளியூரில் பெண் கொடுத்தால் தாலிக்கயிற்றோடு கூடவே போகும். தாத்தா காலத்திலிருந்து ஊரைவிட்டு ஒரு நாழிகைகூட வெளியே போகாத அந்த நாற்றம் அந்தச் செவ்வாய்க்கிழமை, விளக்கை அணைத்த மாதிரி, போய்விட்டது. ஏன் போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, கேட்கிற புத்தியும் அந்த ஊருக்குக் கிடையாது.

அதே பதினொன்றரைக்குச் சவேரியார் தெரு ஏழாம் நம்பர் வீட்டில் கிதியோன் மேஸ்திரி எல்மர் பின்டோவின் மூன்றாவது ரிகார்டைப் போட்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த அதே ரிகார்டு, அதே பிளேயர், அதே நாற்காலி.

கிதியோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் தரம் பிரித்த மனுஷன், போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். பதப்படுத்தி முடிந்த தோலை இரண்டு விரலில் மடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, மேல்பக்கத்தைக் கன்னத்தில் ஒரு தரம் வைத்துப் பார்த்தால் போதும், முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். வேண்டாத தோலைத் தள்ளும்போது 'சீ' என்பார். அந்தச் 'சீ' தொழிலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சாம்பாருக்கு, சர்ச் பிரசங்கத்துக்கு, மச்சான் எடுத்துத் தந்த சட்டைக்கு என்று எல்லாவற்றுக்கும் வந்தது. பெண்டாட்டி செத்த பிறகு வீட்டில் அவரும் மகள் பெர்சிஸும்தான். இன்னொன்று, நாற்பது வருஷம் அந்தக் குழிகளின் ஓரத்தில் நின்றதில் கிதியோனுக்கு மூக்கு செத்துப் போயிருந்தது. மல்லிகையும் மலமும் அவருக்கு ஒன்றுதான். அதனால்தான் நாற்றம் நின்ற செய்தி ஊரிலேயே கடைசியாக அவருக்குத் தெரிந்தது.

இளவட்டமாக இருந்தபோது தோல் கட்டு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போனவர், பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலிலிருந்து அந்த ஆறு அரக்கு ரிகார்டுகளைப் பொறுக்கி வந்தார். எல்மர் பின்டோ பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆள், ஜாஸ்காரர், பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர். ஆரம்பத்தில் அவரோடு இரண்டே பேர். கிடார் வாசித்தவன் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவன், ஆள் உயரத்துக்கு இருக்கும் பாஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை நிமிர்த்திவைத்து விரலால் மீட்டியவன் தபால் ஆபீஸ் குமாஸ்தா. டிரம்ஸ் கிடையாது. மூன்று பேரும் மர நாற்காலிக் கடை ஒன்றின் மாடியில், ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே வருஷத்தில் பதிந்த பன்னிரண்டு பாட்டுதான் அந்த ஆறு ரிகார்டு. அப்புறம் எல்மர் பெரிய ஆளாகிவிட்டார். பின்னால் நாற்பது வயலினை உட்காரவைத்தார்கள், 'ஊ ஊ' என்று ஊதப் பத்துப் பெண்களை நிறுத்தினார்கள், பியானோவை மூடச்சொல்லிக் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ரேடியோவில், கல்யாண மண்டபத்தில், ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த எல்மர் அந்த எல்மர்தான். அந்தப் பாட்டைக் கேட்டாலே கிதியோனுக்குக் குமட்டும்.

"அது பெயிண்ட் அடிச்ச தோலுப்பா" என்பார். தோல்காரர்களுக்கு இது புரியும். மாட்டை உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறிய கோடு, கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் மெஷினில் போட்டுத் தேய்த்துவிட்டு மேலே பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், கடைக்காரன் அதைத்தான் விரும்புவான். தேய்க்காத தோலில் மாடு எப்படி வாழ்ந்ததென்று தெரியும், பெயிண்ட் அடித்ததில் பெயிண்ட் தவிர ஒன்றும் தெரியாது. முதல் ஆறு ரிகார்டும் தேய்க்காத தோல். எல்மர் ஒரு வரி பாடுவார், பாடும்போது கையை எடுத்துவிடுவார், பாடி முடித்த இடத்தில் வலதுகை வந்து அதே வரியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிச் சொல்லும், 'அப்படியா சங்கதி' என்று கிடார் கேட்கும், இரண்டையும் கண்டுகொள்ளாமல் பாஸ் பாட்டுக்கு நடந்துகொண்டேயிருக்கும். இங்கிலீஷில் இருபது வார்த்தைக்கு மேல் தெரியாத கிதியோனுக்கு எல்மர் என்ன பாடுகிறார் என்பது தெரியாது, ஆனால் எந்தச் சுரத்தை அவர் வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டார் என்பது தெரியும். ஆறாவது ரிகார்டில் ஒரு இடம். எல்மர் அரைத்தாளம் முந்திக்கொண்டு பாட வந்துவிடுவார். தப்பு. இன்னொருத்தராக இருந்தால் நிறுத்தித் திரும்பப் பதிந்திருப்பார்கள். எல்மர் அந்த ஒரு வார்த்தையையே இழுத்து, வளைத்து, தாளம் வந்து சேருகிறவரை பியானோவில் அதைத் தாலாட்டிக்கொண்டு நிற்பார், பின்னால் கிடார்காரன் அடக்கமாட்டாமல் சிரிப்பது லேசாகக் கேட்கும். அந்த இடத்துக்காகத்தான் கிதியோன் உயிரோடு இருந்தார் என்றால் அது மிகையில்லை.

ஒருத்தராவது அதைக் கேட்டு 'அடடா' என்று சொல்ல வேண்டும் என்பது முப்பத்தெட்டு வருஷமாக அவர் மனதில் இருந்த ஒரே ஆசை. பெண்டாட்டி சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு நவநீதம் கையில் கரண்டியோடு மூச்சிறைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"மேஸ்திரிண்ணா, இப்ப இன்னா போட்டீங்க?"

கிதியோன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்தே விட்டார்.

"எல்மர் பின்டோம்மா. மூணாவது ரிகார்டு. நல்லா இருந்திச்சா?"

"நல்லா இருந்திச்சாவா! நாத்தம் போயிடுச்சுண்ணா! எங்க கொழம்புல பூண்டு போட்டா வாசனை வரும்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது. நிறுத்தாதீங்க, ரசம் கொதிக்குது, அதையும் பாத்துடறேன்."

"சீ" என்றார் கிதியோன்.

ஆனால் சேதி போய்விட்டது. சாயங்காலத்துக்குள் தெருவே அவர் வீட்டு வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டே நாளில் விஷயம் தீர விளங்கிவிட்டது. எல்மரின் ரிகார்டு ஓடும்வரையும், ஓடி முடிந்து ஒரு மணி நேரமும், சத்தம் எட்டுகிற இடமெல்லாம் நாற்றம் இராது. போனில் பதிந்து போட்டால் பலிக்காது, முள் ரிகார்டின் மேல் உரசினால்தான் பலிக்கும். யாரோ வேலூருக்குப் போய் வயலின் எல்மரின் ரிகார்டு ஒன்றைத் தேடிப்பிடித்து வந்து போட்டுப் பார்த்தார்கள், கக்கூஸில் ஊதுபத்தி கொளுத்தின மாதிரி இருந்ததே தவிர நாற்றம் போகவில்லை. முதல் ஆறுதான். அதைக் கேட்டு அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகக் கிதியோன் சிரித்தார். நாற்றத்துக்குக்கூடத் தரம் பிரிக்கத் தெரிந்திருக்கிறதே, இந்த ஜனங்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அதிசயம் நடந்தால் ஜனங்கள் வாய்பிளந்து நிற்பார்கள் என்று யார் சொன்னது? தோணிமேடு ஒரு வாரம்கூட நிற்கவில்லை, அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. மாரியம்மன் கோயில் பூசாரி அம்மன் கிருபை என்றார், போதகர் கர்த்தரின் கிருபை என்றார், பள்ளிவாசலில் பாங்கு நேரத்தில் மட்டும் போடாதீர்கள், மற்றபடி நல்லதுதான் என்றார்கள், அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. ஆதிகேசவன் தலைமையில் 'தோணிமேடு தூய காற்று நலச் சங்கம்' தொடங்கிவிட்டார்கள். ஆதிகேசவன் ஊரிலேயே பெரிய தோல் ஷாப்பின் முதலாளி, கிதியோன் நாற்பது வருஷம் வேலை பார்த்தது அவரிடமும் அவருடைய அப்பாவிடமும்தான். கிதியோன் வீட்டு ஜன்னலிலிருந்து வயர் இழுத்து மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று பதினாலு இடத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டினார்கள். காலை இட்லி நேரத்துக்கு முதல் ரிகார்டு, பகல் சாப்பாட்டுக்கு இரண்டாவது, பெண் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரும் வீடுகளுக்கு மூன்றாவது என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். எல்மர் பின்டோ என்கிற பெயர் அந்தப் பலகையில் இல்லை.

கிதியோன் முதலில் இதையும் நல்லதுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டார். மூக்குக்காக வந்தவர்கள் காதையும் கொஞ்சம் திறக்கமாட்டார்களா? மார்க்கெட்டுக்குப் போய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றார். எல்மர் பாடிக்கொண்டிருந்தார், அந்த வலதுகை வந்தது, கிடார் கேட்டது, பாஸ் நடந்தது. கீழே ஒருவன் கருவாட்டை முகர்ந்து முகர்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தான், ஒருத்தி குழந்தையின் தலையைப் பிடித்து முகர்ந்து 'ஐயோ செல்லம்' என்று கொஞ்சினாள், பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசலில் ஒரு கிழவர் பீடியோடு குந்தி, "வயசான காலத்துல நிம்மதியா உக்கார முடியுது சாமி" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கும்பிட்டார். கிதியோன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நாற்பது வருஷம் அழுகின தோலுக்கு நடுவே நின்று சோறு தின்ற மனுஷன் அன்றைக்குப் பகல் சோற்றைத் தொடவில்லை.

அதைவிடக் கேவலம் மெதுவாகத்தான் வந்தது. நாற்றம் இருந்தவரை தோல் ஷாப்காரர்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது, கழிவை இருட்டில் திறந்துவிடுவார்கள், சவ்வை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இப்போது எதற்குப் பயம்? பட்டப்பகலில், இரண்டாவது ரிகார்டு ஓடுகையில், நீலத் தண்ணீர் தெருச் சாக்கடையில் நுரைத்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சவ்வு ஆள் உயரத்துக்குக் குவிந்து வெயிலில் நெளிந்தது. அளந்து பார்க்க அதிகாரிகள் ஜீப்பில் வருகிற அன்றைக்கு ஆதிகேசவன் நான்காவது ரிகார்டைக் கேட்டு வாங்கி நாள் முழுக்க ஓடவிட்டார், வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, நல்ல காற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டார்கள். அவர்கள் இலைக்கு நாலடி தள்ளி, மயிர் ஒட்டின மாட்டுக் காது ஒன்று சாக்கடையில் மிதந்து போனதைக் கிதியோன் பார்த்தார். ஈ மொய்த்தது, கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாயிற்று, யாருக்கும் அருவருப்பு வரவில்லை. மூக்கு சொல்லாதபோது கண் மட்டும் தனியாக என்ன சொல்லிவிடும்?

அரக்கு ரிகார்டு எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு தடவை முள் ஓடும்போதும் பள்ளம் கொஞ்சம் தேயும், அரக்கில் மயிர்க்கோடாய் விரிசலும் விழும். வாரத்துக்கு ஒருமுறை பூப்போல வைத்து எடுத்தவர் கிதியோன், இவர்கள் ஒரு நாளைக்கு இருபது தடவை ஓட்டினார்கள். முதலாவது நாற்பது நாளில் விரிசல் விட்டு உடைந்தது. இரண்டாவது ஆடிக்குள். மூன்றாவதைக் கல்யாண மண்டபத்தில் பாயசக் கையோடு யாரோ தொட்டு, கீழே போட்டு, இரண்டாக உடைத்து, பிசுபிசுப்போடு திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவது அதிகாரிகள் வந்த நாட்களில் ஓடி ஓடியே உடைந்து போயிற்று. கிதியோன் கத்தினார், வயரைப் பிடுங்கினார், சங்கத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே திரும்பச் செருகினார்கள்.

ஐந்தாவதைத் தரமாட்டேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். அதைத் தரச்சொல்லிக் கேட்டவள் பெர்சிஸ்.

பெர்சிஸுக்கு இருபத்தொன்பது வயது, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஐந்து இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், ஐந்து பேரும் காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனவர்கள். இப்போது பெங்களூரிலிருந்து ஒரு வரன்.

"ஞாயித்துக்கெழமை வராங்கப்பா. அந்த அஞ்சாவதைப் போடுங்க."

"அது என்ன சாம்பிராணியா, ஆள் வரும்போதெல்லாம் புகை போட? அது சங்கீதம்மா. நீ ஒரு தரமாவது காது கொடுத்துக் கேட்டிருப்பியா?"

பெர்சிஸ் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மூக்கு செத்துப்போச்சுப்பா. அதனால உங்களுக்கு அது பாட்டு. நான் தினம் மூணு தரம் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போறதைப் பாத்துட்டு வரேன். எனக்கு எப்படிப்பா பாட்டு கேக்கும்? முதல்ல மூச்சு விட்டுக்கறேனே."

அவள் சொன்னது முழுக்க நியாயம் என்பதுதான் கிதியோனை இன்னும் எரிச்சலாக்கியது. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், கேசரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். எல்மர் ஐந்தாவது ரிகார்டில் ஒரு பெண்ணிடம் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, பியானோவைத் தொட்டும் தொடாமலும் பாடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா தன்னுடைய அபார்ட்மெண்டில் லிப்ட் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சொல்லி முடித்தார். கல்யாணம் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தம், பந்தக்கால், கல்யாணம், மறுவீடு என்று ஓடி ஓடி ஐந்தாவதும் விரிசல் விட்டு உடைந்தது. பெர்சிஸ் காரில் ஏறும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், கிதியோனும் அழுதார், மகளுக்காகப் பாதி, அந்த ரிகார்டுக்காகப் பாதி. அப்படிப் பாதி பாதியாக அழுததற்காகத் தன்னைப் பார்த்தே 'சீ' என்று சொல்லிக்கொண்டார்.

மிச்சம் ஆறாவது. தாளம் முந்தினதும், கிடார்காரன் சிரித்ததும் உள்ள ஆறாவது.

கார்த்திகையில் ஒன்பது நாள் எந்த ரிகார்டும் ஓடவில்லை. ஒன்பது நாளும் நாற்றம் திரும்பி வந்து, பட்டினி கிடந்த விருந்தாளி மாதிரி ஊரைத் தின்றது. முன்னே மாதிரியா? இப்போது சாக்கடையும் சவ்வுக் குவியலும் ஊருக்கு நடுவிலேயே இருந்தன. ஜனங்கள் வாந்தியெடுத்தார்கள், நவநீதம் சோறு வடிப்பதையே விட்டுவிட்டு ரொட்டி தின்றாள். குவியலை அள்ளிக் கொட்டலாம், சாக்கடையை மூடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சேர்ந்து கிதியோன் வீட்டுக்கு வந்தார்கள்.

ஆதிகேசவன் கையில் ஒரு பொன்னாடை இருந்தது. "மேஸ்திரி, ஊர் உசுரு உங்க கையில. 'காற்றுக் காவலர்'னு பட்டம் குடுக்கறதா சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்."

"பட்டத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில போடுங்க முதலாளி. அங்கதான் இடம் இருக்கு."

"மேஸ்திரிண்ணா" என்று நவநீதம் கையெடுத்துக் கும்பிட்டாள். "கொழந்தைங்க சாப்பிட மாட்டேங்குது. உங்களுக்கு இன்னாதான் வோணும், சொல்லுங்க."

கிதியோன் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது, அதுதான் அவர் செய்த தப்பு.

"ஒரே ஒரு தரம், மூணு நிமிஷம், ஊர் மொத்தமும் உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு, அந்தப் பாட்டைக் கேக்கணும். கேட்டீங்கன்னா ரிகார்டு உங்களுக்கு. எடுத்துட்டுப் போங்க."

"அவ்ளோதானா?" என்றார் ஆதிகேசவன்.

கிதியோனுடைய கணக்கு என்னவென்றால், கேட்டுவிட்டால் பிறகு யாருக்கும் அதைத் தேய்க்க மனசு வராது. முதல் தரத் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவன் அதை மிதியடியாகப் போடமாட்டான் இல்லையா? அப்படித்தான் நினைத்தார். முப்பத்தெட்டு வருஷம் தனியாக ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் ஜனங்களைப் பற்றி வேறு எப்படி நினைப்பார்?

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது. சொன்னபடியே வந்தார்கள், சொன்னபடியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், போனை அணைத்தார்கள், கைக்குழந்தைக்குப் பால் புகட்டி வாயை அடைத்தார்கள். மூவாயிரம் பேர், ஒரு இருமல் இல்லை. கிதியோன் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆறாவது ரிகார்டை வைத்து, முள்ளை இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பாஸ் நாலடி நடந்தது. பியானோ தொட்டது. நாற்றம் போயிற்று.

ஒன்பது நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மூவாயிரம் பேர் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். இழுத்தார்கள் என்றால் சாதாரணமாக இல்லை, மூக்கு விடைக்க, நெஞ்சு தூக்க, கண் சொருக, 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து 'ஹா' என்று விட்டு, சளி கரகரக்க மறுபடி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தார்கள், அது மைதானத்தில் ஒரு பெரிய துருத்தி ஊதுகிற மாதிரி எழுந்து பள்ளிக்கூடச் சுவரில் மோதித் திரும்பியது. வாயை யாரும் திறக்கவில்லை, கொடுத்த வாக்கு தப்பவில்லை. ஆனால் அந்த உறிஞ்சலில் எல்மரின் வலதுகை போன இடம் தெரியவில்லை, கிடார் கேட்ட கேள்வி தெரியவில்லை, எல்மர் அரைத்தாளம் முந்தி வந்து, அந்த வார்த்தையைத் தாலாட்டிக்கொண்டு நின்ற இடத்தில், கிடார்காரன் சிரித்த இடத்தில், முன்வரிசையில் ஆதிகேசவன் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு இழுத்து, சுகமாக ஏப்பம் விட்டார்.

மூன்று நிமிஷம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அருமையான பாட்டு மேஸ்திரி" என்றார் ஆதிகேசவன், ரிகார்டை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டே. "வாக்குன்னா வாக்கு."

கிதியோன் தடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர்தான். மைதானத்து ஓரம் போய்க் குனிந்து, வாயில் ஊறின எச்சிலைத் துப்பினார், துப்பத் துப்ப ஊறிக்கொண்டேயிருந்தது.

ஆறாவது ரிகார்டை இப்போது சங்க ஆபீஸில் வைத்து, மணிக்கு மணி ஓட்டினார்கள். கிதியோன் வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார், ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது. மார்கழியில் கிடாரின் கூர்மை போயிற்று. தை பிறந்தபோது பாஸ் எங்கோ அடுத்த ஊரில் நடப்பது போலிருந்தது. பிறகு எல்மரின் குரலில் வார்த்தைகள் உதிர்ந்து முனகல் மட்டும் நின்றது, அதற்கும் பிறகு பியானோ. கடைசியாகப் போனது அந்தச் சிரிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், சிரிப்பு வரவேண்டிய இடம் வந்தது, 'சர்ர்ர்' என்று தாண்டிப் போய்விட்டது. வாய்விட்டு அழுதார்.

சங்கீதம் போனால் நாற்றம் வந்துவிடும், அன்றைக்காவது இந்த ஜனங்களுக்கு உறைக்கும் என்று அவருக்கு உள்ளே ஒரு குரூரமான நம்பிக்கை இருந்தது. வரவில்லை. ரிகார்டில் ஒரு சுரம் மிச்சமில்லை, வெறும் அரக்கை முள் சுரண்டுகிற 'சர்ர்ர்' மட்டும் பதினாலு ஸ்பீக்கரிலும் ஓடியது, காற்று பால் மாதிரி சுத்தமாக இருந்தது.

"இதுவே தேவலாம்ணா" என்றாள் நவநீதம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, கள்ளமில்லாமல். "அந்தாளு நடுவுல நடுவுல கத்திக்கினு இருந்தான். இப்ப நிம்மதியா கீது."

கிதியோன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, நீலத் தண்ணீரைத் தாண்டி, சவ்வுக் குவியலைச் சுற்றி, ஈக்களை விலக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். பதினொன்றரை மணி, நல்ல கூட்டம். ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நின்றார். மேலே 'சர்ர்ர்' ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் இப்போது எந்த இடம் என்பது அவருக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும். சரியாக அந்த இடத்தில் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தார்.

அறுபத்திரண்டு வயதுத் தொண்டை, இங்கிலீஷ் தெரியாத நாக்கு. இருந்தாலும் எல்மர் பாடின வரியைப் பாடினார், பாடி முடித்த இடத்தில் வலதுகை சொன்னதை 'டிங் டிடிங்' என்று வாயாலேயே சொன்னார், கிடாரைச் சொன்னார், காலால் தரையைத் தட்டிப் பாஸை நடத்தினார். அரைத்தாளம் முந்தினார். முந்தின வார்த்தையை இழுத்து, வளைத்து, கண்ணில் தண்ணீர் வழிய அதைத் தாலாட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ் மேஸ்திரி!" என்று கருவாட்டுக்கடையிலிருந்து ஒருவன் அதட்டினான். "கொஞ்சம் வாயை மூடுய்யா. ரிகார்டு ஓடுதில்ல?"

"உஷ்" என்றது கூட்டம். மீன் வெட்டுகிறவள் கத்தியை நிறுத்திவிட்டு "உஷ்" என்றாள், பேரம் பேசியவர்கள் பேச்சை விட்டார்கள், பஸ் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார், இரண்டு பேர் வந்து கிதியோனின் தோளை மரியாதையாகப் பிடித்து, வாயைப் பொத்தினார்கள். மார்க்கெட் மொத்தமும் அசையாமல் நின்று, தலையை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அந்தச் 'சர்ர்ர்' முடிகிறவரை கேட்டது.